ஹவுராவில் வண்டி தாமதம்: வெளியே போகலாமா, கூடாதா?

கேள்வி: சென்ற மே மாதம் இரண்டு பிள்ளைகளோடு டார்ஜிலிங் போய்விட்டு ஊர் திரும்பினோம். காலையில் கொல்கத்தாவின் சியால்டா ஸ்டேஷனில் இறங்கி ஹவுரா ஸ்டேஷனுக்கு வந்தால், மாலை நாலு மணிக்குக் கிளம்பவேண்டிய எங்கள் வண்டி இரவு ஒரு மணிக்குத்தான் புறப்படும் என்று போனில் செய்தி. பெட்டிகளை வைத்துவிட்டு ஊரைப் பார்த்து வரலாம் என்றேன். "முன்னாடியே கிளம்பிட்டா என்ன பண்ணுவே?" என்று கணவர் விடவில்லை. அந்த நாள் முழுக்க வெயிட்டிங் ரூமில் கழிந்தது. பிள்ளைகள் கொல்கத்தாவில் பார்த்தது மின்விசிறியை மட்டும்தான். இன்றுவரை வீட்டில் இந்தச் சண்டை ஓயவில்லை. வரும் டிசம்பரில் மாமனார், மாமியாரோடு கயா போகிறோம். போகவர ஹவுரா வழிதான். மறுபடி இப்படி ஆனால் என்ன செய்வது? எங்கள் இருவரில் யார் சொன்னது சரி?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: சகோதரி, தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. அதற்காக உங்கள் கணவர் பயந்ததை வெட்டிப் பயம் என்று தள்ளவும் மாட்டேன். வேறு ஸ்டேஷனாக இருந்திருந்தால் அவர் பக்கம்தான் பேசியிருப்பேன்.

ரயில் தாமதத்தில் இரண்டு வகை உண்டு. எங்கிருந்தோ ஓடிவந்துகொண்டிருக்கும் வண்டி நாம் ஏறும் ஊருக்குத் தாமதமாக வருவது ஒன்று. அது வழியில் கொஞ்சம் நேரத்தைப் பிடித்துவிடலாம். மூன்று மணிநேரத் தாமதம் இரண்டாகச் சுருங்கலாம். வந்தால் சில நிமிடங்கள்தான் நிற்கும். அங்கே உங்கள் கணவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்னொன்று, வண்டி கிளம்பும் ஊரிலேயே புறப்பாட்டைத் தள்ளிவைப்பது. ரீஷெட்யூல் என்று செய்தி வருமே, அது. பெரும்பாலும் எதிர்த்திசையிலிருந்து வரவேண்டிய ஜோடி வண்டி தாமதமாக வருவதுதான் காரணம். அதே பெட்டிகள்தான் திரும்பிப் போகவேண்டும். வந்து சேர்ந்தபின் யார்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, தண்ணீர் நிரப்பி, சோதித்துவிட்டுத்தான் பிளாட்பாரத்தில் நிறுத்துவார்கள். அதற்குச் சில மணிநேரம் பிடிக்கும். அதனால் இப்படித் தள்ளிவைத்த வண்டி அறிவித்த நேரத்துக்கு முன்னால் கிளம்புவது அபூர்வம். இன்னும் தள்ளிப்போவதுதான் வழக்கம்.

இதை உங்கள் கணவரே கையில் இருக்கும் போனில் பார்த்துக்கொள்ளலாம். ஜோடி வண்டிக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்தான் இருக்கும். அந்த எண்ணை ரயில்வேயின் செயலியில் போட்டால் அது இப்போது எங்கே வருகிறது என்று தெரியும். பெட்டிகள் இன்னும் ஒடிசாவைத் தாண்டவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் யாருக்கும் வெயிட்டிங் ரூமில் உட்காரத் தோன்றாது. செயலி ஒத்துவராவிட்டால் 139-க்குப் போன் செய்து கேட்கலாம். வெளியே சுற்றும்போதும் நடுநடுவே ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம் ஒரு ஏற்பாடு. வண்டி எத்தனை மணிக்கு என்று பேசாதீர்கள், நாம் எத்தனை மணிக்கு ஸ்டேஷனுக்குள் இருக்கவேண்டும் என்று பேசுங்கள். அந்த நேரத்தை அவரே வைக்கட்டும். ஒரு மணி வண்டிக்கு இரவு எட்டரைக்கே திரும்பிவிட வேண்டும் என்றாலும் சரி என்றுவிடுங்கள். அப்போதும் உங்களுக்கு முக்கால் நாள் கிடைத்திருக்கும். பயப்படுகிறவரிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகச் சுற்றலாம் என்பது என் எண்ணம்.

ஹவுராவில் வண்டியைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் வண்டி சீக்கிரம் கிளம்பித் தவறவிடுவதில்லை. பாலத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஊர் ஹூக்ளி ஆற்றுக்கு அந்தக் கரையில், ஸ்டேஷன் இந்தக் கரையில். மாலை வேளையில் டாக்ஸியில் ஹவுரா பாலம் ஏறினால் எப்போது இறங்குவோம் என்று சொல்லமுடியாது. ஆகவே போகும்போது எதில் போனாலும், திரும்பும்போது ஆற்றைக் கடக்கப் படகு அல்லது மெட்ரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. சில ரூபாய் டிக்கெட்டில் அக்கரையின் பல துறைகளுக்குப் படகு போகிறது. ஹவுராவுக்கு மெட்ரோ 2024 மார்ச்சில் வந்தது, ஆற்றுக்கு அடியிலேயே போகிறது. ஹவுரா மெட்ரோ நிலையம் முப்பது மீட்டருக்கும் கீழே இருக்கிறது. பெரியவர்களுக்கு லிஃப்ட், எஸ்கலேட்டர் உண்டு. ஆற்றைக் கடப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். இப்போது அதே பாதை சியால்டா வரைக்கும் நீண்டுவிட்டதால், டார்ஜிலிங் பக்கமிருந்து சியால்டாவில் வந்து இறங்குகிறவர்கள் பெட்டிகளோடு டாக்ஸி பேரம் பேச வேண்டியதும் இல்லை.

சரி, எங்கே போவது? ஒரே நாளில் காளிகாட், தட்சிணேஸ்வரம், விக்டோரியா மெமோரியல் என்று பட்டியல் போடாதீர்கள். அது தாமதத்தை இன்னொரு டூர் ஆக்கிவிடும், பிள்ளைகள் அழ ஆரம்பிக்கும். ஆற்றை ஒட்டியே ஒரு சுற்று, முடிந்தால் கூட ஒரே ஒரு இடம். நானாக இருந்தால் இப்படித்தான் செய்வேன்.

முதலில் பாலத்தை நடந்தே கடப்பேன். 1943-இல் திறந்த பாலம். ஆற்றுக்குள் ஒரு தூண் கிடையாது. நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்தது. டாக்ஸிக்குள் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்தால் அதன் உருவம் பிடிபடாது, நடந்தால்தான் தெரியும். நடைபாதையில் தலைச்சுமைக்காரர்கள் வேகமாக வருவார்கள், சின்னப் பிள்ளையின் கையை விடாதீர்கள். அக்கரையில் இறங்கினால் பாலத்தடியிலேயே மல்லிக் காட் பூச்சந்தை. காலையில் போகமுடிந்தால் உத்தமம். மலைமலையாகக் கேந்தி மாலைகள் கட்டிக் கிடக்கும். மதுரை மல்லியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த ஆரஞ்சு நிறம் புதிதாக இருக்கும். தரை வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். மாமியார் இருந்தால் அவரைப் பாலம் நடக்கவைக்க வேண்டாம், படகில் கூட்டிப் போங்கள்.

வெயில் குறைந்ததும் ஹவுரா துறையிலிருந்து பாபு காட்டுக்குப் படகு. அங்கிருந்து ஆற்றங்கரையோடு தெற்கே மெதுவாக நடந்தால் பிரின்செப் காட் வரும். ஆற்றங்கரையில் வெள்ளைவெளேரென்று தூண்கள் நிற்கும், உட்கார இடமும் பிள்ளைகள் ஓட இடமும் இருக்கும். 1840-களில் ஜேம்ஸ் பிரின்செப் நினைவாகக் கட்டியது. இந்த மனிதர் கொல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்தவர். யாருக்கும் படிக்கத் தெரியாமல் கிடந்த அசோகரின் பிராமி எழுத்தை 1837-இல் படித்துக்காட்டியவர். பின்னாளில் நம் ஊர்க் குகைக் கல்வெட்டுகளையும் பானை ஓட்டுக் கீறல்களையும் படிக்க முடிந்ததற்கு அதுவும் ஓர் அடிப்படை. கீழடியைப் பள்ளியில் படித்த உங்கள் பிள்ளைகளுக்கு அங்கே உட்கார்ந்து இதைச் சொல்லலாம். பொழுது சாயும்போது ஆற்றில் படகு ஓட்டிகள் சவாரிக்குக் கூப்பிடுவார்கள். ஏறுவதானால் எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு என்று ஏறுமுன் பேசிவிடுங்கள்.

இன்னும் இரண்டு மூன்று மணிநேரம் கையில் இருந்தால், அல்லது மே மாத வெயில் ஆளைக் கொன்றால், இந்திய அருங்காட்சியகம். 1814-இல் தொடங்கியது. மெட்ரோவில் எஸ்பிளனேடு போய் வண்டி மாறி, அடுத்த ஸ்டேஷன் பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் பக்கம்தான். பெரியவர்களுக்குப் பர்ஹூத் என்ற ஊரின் பௌத்த ஸ்தூபியின் சிவந்த கல் வேலிகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சிற்பிகள் புத்தரின் முற்பிறவிகளைப் பற்றிய ஜாதகக் கதைகளைக் கல்லில் கதையாகவே சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எகிப்து மம்மி. மற்ற அறைகளை விட்டுவிடுங்கள், எல்லாம் பார்க்க ஒரு நாள் போதாது. திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் மறக்காதீர்கள்.

மாமியார் கோயில் என்று கேட்பார், நிச்சயம் கேட்பார். காளிகாட்டைத் தாமத நாளில் தொடவேண்டாம் என்பேன். வரிசை எவ்வளவு என்று கணக்கிட முடியாது, தரிசனம் செய்துவைப்பதாகச் சொல்லிக் காசு கேட்கும் பண்டாக்கள் விடமாட்டார்கள். தட்சிணேஸ்வரத்துக்கு மெட்ரோவே போகிறது. ராணி ராஸ்மணி கட்டி 1855-இல் குடமுழுக்கு நடந்த கோயில், ராமகிருஷ்ணர் வாழ்ந்த இடம், நின்று நிதானமாகக் கும்பிடலாம். நண்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையிலோ மாலை தொடக்கத்திலோ போகவேண்டும். அன்றைக்கு அது ஒன்றுதான், பிரின்செப் காட்டை மறந்துவிடுங்கள்.

சாப்பாட்டில் பெரியவர்களுக்குக் கடுகெண்ணெய் வாடை சிரமமாக இருக்கலாம். இனிப்புக் கடைகளில் காலை வேளையில் கச்சோரியும் லுச்சியும் கிடைக்கும். லுச்சி என்பது மைதா பூரி, கூடக் கடலைப்பருப்பு கொடுப்பார்கள். வெங்காயம் பூண்டு வேண்டாம் என்பவர்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும். இட்லி இல்லாமல் மாமனாருக்கு ஆகாது என்றால் தெற்கே லேக் மார்க்கெட் பக்கம் தென்னிந்தியர்கள் பல காலமாக இருக்கிறார்கள், நம் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. காளிகாட் மெட்ரோவில் இறங்கவேண்டும். ஆனால் ஒரு இட்லிக்காக அவ்வளவு தூரமா என்று எனக்குத் தோன்றும், அவரவர் வயிறு. டிசம்பரில் போவதால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சிய நொலேன் குர் அப்போதுதான் புதிதாக வரும். நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பைக் கடையில் நின்று அன்றைக்கே சாப்பிடுங்கள், ஊருக்குக் கட்டிக்கொண்டு போகும் பண்டமில்லை.

டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆற்றங்கரையை நாலு மணிக்கே வைத்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் வெகுநேரம் படகை நம்பவேண்டாம், மெட்ரோவில் திரும்புங்கள்.

எல்லாரும் சேர்ந்தேதான் போகவேண்டும் என்று யார் சொன்னது? மாமனாருக்கு முழங்கால் வலி என்றால் அவரும் உங்கள் கணவரும் ஸ்டேஷனில் இருக்கட்டும். நீங்கள் பிள்ளைகளோடு பாலமும் பூச்சந்தையும் பார்த்து வாருங்கள், பிறகு ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஆறு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தால் ஆறு பேருக்கும் கோபம் வரும்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏறும் நிலையத்தில் வண்டி மூன்று மணிநேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தையே விட்டுவிடுகிறவர்களுக்கு முழுக் கட்டணமும் உண்டு. ஆன்லைன் டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். என்ற பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிவு செய்யவேண்டும், அதுவும் வண்டி கிளம்புவதற்குள். ஆனால் விடுமுறைக் காலத்தில் அதே நாள் வேறு வண்டியில் ஆறு பேருக்கு இடம் எங்கே கிடைக்கும்? மாற்று வழி கையில் இல்லாமல் இதைச் செய்துவிடாதீர்கள்.

கயாவிலிருந்து திரும்பும்போது மட்டும் உங்கள் கணவர் சொல்கிறபடி கேளுங்கள். டெல்லிப் பக்கமிருந்து வரும் வண்டிகளுக்குக் கயா நடுவழி ஸ்டேஷன், டிசம்பரில் மூடுபனியால் தாமதம் சகஜம். முதலில் சொன்ன முதல் வகை அதுதான். வண்டி தாமதம் என்றதும் புத்தகயா ஓடிப்போய் வரலாம் என்று கிளம்பவேண்டாம், அதையும் கயாவின் விஷ்ணுபாதக் கோயிலையும் முந்தின நாளே முடித்துவிடுங்கள். கயாவிலிருந்து வரும் வண்டி ஹவுராவில் முடிகிறதா, சியால்டாவிலா என்றும் பார்த்து எடுங்கள். ஹவுராவில் ஊர் வண்டிக்கு நடுவே அரை நாளாவது இடைவெளி விடுங்கள். 2019 ஏப்ரல் முதல் இப்படித் தொடர்ச்சியாகப் போகும் இரண்டு பி.என்.ஆர்.களை இணைக்க ரயில்வே அனுமதிக்கிறது. இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் பெயர் விவரம் ஒன்றாக இருக்கவேண்டும். இணைத்திருந்தால், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும், போகாத பகுதிக்குப் பிடித்தமில்லாமல் பணம் திரும்பும். வந்து இறங்கியதும் உடனே கேட்கவேண்டும்.

பெட்டிகளுக்கு க்ளோக் ரூம் இருக்கிறது. பூட்டுப் போட்டிருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள், டிக்கெட்டையும் காட்டவேண்டும். ஊரிலிருந்தே ஆளுக்கொரு சின்னப் பூட்டு கொண்டுபோங்கள். மாமனார், மாமியார் மாத்திரைகளும் அவர்களுடைய ஆதார் அட்டைகளும் பெட்டிக்குள் போகவேண்டாம், உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.