மூக்குக்கு ஒரு பில், தழும்புக்கு ஒரு பில்

கேள்வி: பதினாறு வருடமாக மதுரை வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகங்களில் (மேடை இசை நாடகங்கள்) ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி, வேடம் கட்டுகிறேன். கல்யாண வரவேற்புகளைத் தொகுத்து வழங்கவும் போவதுண்டு. 2024 வைகாசியில், நத்தம் பக்கம் நாடகம் முடிந்து விடிகாலையில் திரும்பும்போது எங்கள் வேன் நின்றிருந்த லாரியில் மோதிவிட்டது. கன்னத்தில் 11 தையல். அந்த இழப்பீட்டு வழக்கு மதுரையில் நடக்கிறது. 2026 பிப்ரவரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தழும்பைச் சரிசெய்ததோடு, மூக்கையும் கொஞ்சம் எடுப்பாக்கிக்கொண்டேன். தழும்புக்கு 70,000, மூக்குக்கு 1,30,000 என்று பேசி, 36,000 ஜிஎஸ்டி சேர்த்து ஒரே பில்லாகக் கொடுத்தார்கள். முகம்தானே என் முதல்? இதைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாதா? ஆடிட்டர் முடியாது என்கிறார். கூட நடிப்பவரோ, “ஒப்பனைச் செலவு என்று எழுதிவிடு, யார் பார்க்கப்போகிறார்கள்” என்கிறார். வருடத்துக்கு 14 லட்சம் வரவு, செலவு போக ஒன்பதரை லட்சம் நிற்கும்.
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: ஆடிட்டர் சொன்னதுதான் சரி. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட இரண்டு இடங்களில் உங்களுக்குப் பணம் வர வாய்ப்பிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறை. உங்கள் செலவு பிப்ரவரியில் நடந்ததால் 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். அதன் 37(1) பிரிவுப்படி ஒரு செலவைக் கழிக்க வேண்டுமானால் அது முழுக்க முழுக்கத் தொழிலுக்காக மட்டுமே செய்ததாக இருக்க வேண்டும். சொந்தச் செலவாகவும் இருக்கக் கூடாது, மூலதனச் செலவாகவும் இருக்கக் கூடாது. உங்கள் மூக்கு “சொந்தச் செலவு” என்ற இடத்திலேயே தடுக்கி விழுந்துவிடுகிறது.

இந்த வாதத்தை உங்களுக்கு முன்பே பெரிய ஆள் ஒருவர் வைத்துப் பார்த்திருக்கிறார். முன்னாள் மத்திய சட்ட அமைச்சரும் மூத்த வழக்கறிஞருமான சாந்தி பூஷண், தம் இதய அறுவை சிகிச்சைக்கு ஆன 1.74 லட்சம் ரூபாயைத் தொழில் செலவாகக் காட்டினார். இயந்திரத்தைப் பழுதுபார்த்தால் 31-ஆவது பிரிவில் கழிவு உண்டல்லவா, என் இதயமும் தொழிலுக்கான இயந்திரம்தானே என்பது வாதம். 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. இதயம் இல்லாமல் யாரும் உயிர் வாழ முடியாது, அதைத் தொழில் கருவி என்று தனியாகப் பிரிக்க முடியாது என்றது. அப்படிக் கருவிதான் என்றால் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக என்ன விலைக்கு எழுதுவது என்ற சிக்கலும் வந்தது. 2015-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரின் கண் சிகிச்சைச் செலவுக்கும் இதையே சொன்னது. வழக்கறிஞர்களே தங்கள் சொந்த வழக்கில் தோற்ற விஷயம் இது!

உங்கள் நிலை அவர்களுடையதைவிடக் கொஞ்சம் பலமானதுதான், மறுக்கவில்லை. மேடையில் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். ஆனால் வரி அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: நாடகம் முடிந்ததும் இந்த மூக்கு எங்கே போகிறது? அரிதாரம் விடிந்ததும் கலைந்துவிடும். வள்ளி வேடத்துச் சவுரி, ஜரிகைச் சேலை, கவரிங் நகையெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். அவற்றுக்குக் கழிவு உண்டு. ஏஜெண்ட் கமிஷன், வேன் வாடகை, சங்கச் சந்தாவுக்கும் உண்டு. மூக்கோ உங்களோடு வீட்டுக்கு வருகிறது, சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் வருகிறது. அமெரிக்காவில் 1994-இல் ஒரு மேடை நடனக் கலைஞருக்கு மார்பு அறுவை சிகிச்சைக்கே வரி நீதிமன்றம் கழிவு கொடுத்தது என்று யாராவது வீடியோவில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது அன்றாட வாழ்க்கைக்குத் தொந்தரவு தரும் அளவுக்குப் பெரிதாக்கியது, அதனால் சொந்தப் பயனே இல்லை என்று நீதிமன்றம் கருதியது. உங்கள் மூக்கால் உங்களுக்கு அப்படி ஒரு தொந்தரவு இருப்பதாகத் தெரியவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் வருமானம் ஒன்பதரை லட்சம். 2025-26-க்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே வராது. ஆக, கழிவு கிடைத்தாலும் உங்களுக்கு ஒரு ரூபாய் மிச்சமில்லை. ரிட்டர்ன் மட்டும் தவறாமல் போடுங்கள். தொகுத்து வழங்கியதற்கான பணத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் அது திரும்ப வரும்.

“ஒப்பனைச் செலவு” யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். வரி கட்ட வேண்டிய ஒரு வருடத்தில் இப்படித் திரித்து எழுதிப் பிடிபட்டால், அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். இந்த வருடம் அந்தப் பயம் இல்லை என்றாலும், உங்கள் கணக்குப் புத்தகம் இன்னொரு நீதிமன்றத்துக்கும் போகக்கூடும் என்பதை மறக்காதீர்கள்.

சரி, பணம் வரக்கூடிய இடங்களைப் பார்ப்போம். முதலாவது ஜிஎஸ்டி. மருத்துவ சேவைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி கிடையாது. அழகுக்கான அறுவை சிகிச்சைக்கும் முடி நடுவதற்கும் உண்டு. ஆனால் பிறவிக் குறை, விபத்துக் காயம் போன்றவற்றால் சிதைந்த உடலமைப்பைச் சீராக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு விலக்கு இருக்கிறது. எனவே தழும்புக்கான 70,000-க்கு 18 சதவீதம், அதாவது 12,600 ரூபாய் போட்டிருக்கக் கூடாது. பில்லை இரண்டாகப் பிரித்து, அந்தத் தொகைக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) தரச் சொல்லி மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுங்கள். மூக்குக்கான 23,400 போனது போனதுதான். (நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தாலும் அதை வரவு வைக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அழகு சிகிச்சையையும் பிளாஸ்டிக் சர்ஜரியையும் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது.)

இரண்டாவது, விபத்து வழக்கு. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் இதுதான், என் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டதும் இதுதான். தழும்பைச் சரிசெய்த செலவு முழுவதையும் அந்த வழக்கில் இழப்பீடாகக் கேட்கலாம். மனு போட்டபோது சிகிச்சை நடக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். நியாயமான இழப்பீடு என்று தோன்றினால், மனுவில் கேட்டதைவிடக் கூடுதலாகவும் விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பில் மட்டும் போதாது. “விபத்துக் காயத்தால் உண்டான தழும்பு” என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும், சிகிச்சை செய்த மருத்துவர் சாட்சி சொன்னால் இன்னும் நல்லது.

முகத்தை நம்பிப் பிழைப்பவருக்கு முகத்தில் தழும்பு என்றால் அது வலியோடு முடிகிற விஷயமில்லை. உருக்குலைவுக்குத் தனியாகவும், சம்பாதிக்கும் திறன் குறைந்ததற்குத் தனியாகவும் கேட்க இடமுண்டு. விபத்துக்கு முந்தைய சீசனில் எத்தனை நாடகம், பிந்தைய சீசனில் எத்தனை என்பதைத் தேதி குறித்த டைரி, ஏஜெண்ட் சாட்சி, விபத்துக்கு முந்தைய வருடங்களின் ரிட்டர்ன் ஆகியவற்றால் காட்ட வேண்டும். “முகம்தான் என் முதல்” என்று வரி அதிகாரியிடம் சொல்ல நினைத்தீர்களே, அதைச் சொல்ல வேண்டிய கூண்டு இது.

இங்கேதான் அந்த ஒற்றை பில் உங்களைக் கவிழ்க்கும். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அதை நீட்டி, “அம்மா, இது மூக்கை அழகாக்கப் போனபோது செய்துகொண்டதுதானே?” என்று ஆரம்பிப்பார். உங்கள் கணக்கிலும் “ஒப்பனை” என்று எழுதியிருந்தால் அவருக்கு வேலை மிச்சம். மூக்குச் செலவை மனுவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள், கேட்டால் அது தனி என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிரித்த பில்லையும் தழும்பு தெரிகிற பழைய போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு, உங்கள் தரப்புச் சாட்சியம் முடிவதற்குள் உங்கள் வக்கீலைப் போய்ப் பாருங்கள்.