வாசனை பிடிக்கும் செல்கள்: கேட்டதும் சொன்னதும்

உயிருள்ள செல்களை வைத்து வாசனையைக் கண்டறியும் உணரிகளில் சில வருடங்களாக வேலை பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில கேள்விகளும் என் பதில்களும் இவை.

கார்த்திக்: எலக்ட்ரானிக் மூக்குதான் ஏற்கெனவே இருக்கே மேடம். அப்புறம் எதுக்கு செல்?

இருக்கிறது. 1982-லேயே இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாட், டாட் என்ற இரு விஞ்ஞானிகள் செய்து காட்டிவிட்டார்கள். அதிலுள்ள பல உணரிகளில் ஒவ்வொன்றின் மின்சிக்னலும் பல வாயுக்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் அசையும். எது எவ்வளவு அசைந்தது என்று பார்த்து இது காபி, இது மீன் என்று கணினி ஊகிக்கும். காற்றில் ஈரம் ஏறினால் ஊகம் தடுமாறிவிடும். ஆண் பட்டுப்பூச்சியின் கதை வேறு. பெண் பூச்சி விடும் பாம்பிகால் என்ற ஈர்ப்பு வாசனையின் ஒரே ஒரு மூலக்கூறு பட்டால் போதும், அதன் உணர்கொம்பு நரம்பு துடித்துவிடும். அந்தக் கூர்மைதான் எங்களுக்கு வேண்டும்.

மீனாட்சி: யாரோட செல் அக்கா? மனுஷ மூக்குல இருந்து எடுக்குறீங்களா?

இல்லைம்மா. மூக்கிலிருக்கும் நரம்பு செல்லைத் தட்டில் போட்டு மாதக்கணக்கில் வளர்ப்பது நடக்கிற காரியமில்லை. நான் வளர்ப்பது எஸ்எஃப்21 என்ற செல். 2018-லிருந்து நம் ஊர் மக்காச்சோளத்தைத் தின்று தீர்க்கிறதே படைப்புழு, அதன் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து, தட்டில் பெருக்கிக்கொண்டே வரும் செல்வழி. அதற்கு மோப்பமே தெரியாது. நாங்கள்தான் மூன்று மரபணுக்களை ஏற்றுகிறோம்: வாசனையைப் பிடிக்கும் புரதமான வாசனை ஏற்பி ஒன்று, அதன் கூட்டாளிப் புரதம் ஆர்கோ ஒன்று, கால்சியம் பட்டால் ஒளிரும் புரதம் ஒன்று. ஏற்பியும் ஆர்கோவும் சேர்ந்தால் செல் சவ்வில் ஒரு கதவு. வாசனை வந்து ஒட்டியதும் கதவு திறக்கும், கால்சியம் உள்ளே பாயும், செல் பச்சையாக ஒளிரும்.

ராமநாதன்: மனித ஏற்பியையே வைத்தால் நமக்கு மணப்பதை அப்படியே சொல்லுமே?

ஆசைதான் சார். அமெரிக்க விஞ்ஞானிகள் ரிச்சர்ட் ஆக்சலும் லிண்டா பக்கும் 1991-ல் வாசனை ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள், 2004-ல் நோபல் வாங்கினார்கள். நமக்கு வேலை செய்யும் ஏற்பிகள் சுமார் 400. ஆனால் அவற்றை வேறு செல்லில் வைத்தால் பெரும்பாலும் மேற்பரப்புக்கே வராமல் உள்ளேயே முடங்கிவிடும். கைதூக்கிவிட உதவிப் புரதங்கள் வேண்டும். அதற்கு மேல், அவற்றை வைக்கும் பாலூட்டி செல்லுக்கு 37 டிகிரி வெப்பம், கார்பன் டை ஆக்சைடு போடும் இன்குபேட்டர். பூச்சி செல்லோ 27 டிகிரியில் சும்மா வளரும். களத்துக்குக் கொண்டுபோகிற கருவி என்றால் என் ஓட்டு பூச்சிக்கே.

ஷகிலா: மண்வாசனையைக் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்கும். மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். பழ ஈயிடம் அதற்கென்றே ஓஆர்56ஏ என்று ஓர் ஏற்பி இருக்கிறது. ஈ அதை முகர்ந்தால் ஓடிவிடும், அதற்கு அது பூஞ்சை விஷத்தின் அறிகுறி. நாம் கவிதை எழுதுகிறோம்! டோக்கியோ பல்கலைக்கழகக் குழு இந்த ஏற்பியை எஸ்எஃப்21-ல் வைத்து 2015-ல் வெளியிட்டது. கரைசலில் நூறு கோடியில் சில பத்துப் பங்கு வரை பிடித்தது. பெரிய சாதனையாகத் தெரியும், ஆனால் குடிநீரில் அதைவிட ஆயிரம் மடங்கு குறைவாக இருந்தாலும் நம் மூக்கு முகம் சுளிக்கும்.

பாலாஜி: வாசனை காற்றில் வருது, செல் தண்ணீரில் கிடக்குது. எப்படிச் சேருது?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். எங்கள் தலைவலியே இதுதான். வாசனைப் பொருட்களில் பல, தண்ணீரில் எளிதில் கரையாதவை. மூக்கில் சளிப் படலம் மிக மெல்லியது, கரைய நேரமே ஆகாது. தட்டில் சில மில்லிமீட்டர் திரவம் நின்றாலே அது கடல் மாதிரி. டோக்கியோவில் டகேயுச்சி என்ற ஆய்வாளரின் குழு 2021-ல் செல்லையே விட்டுவிட்டது. செயற்கைக் கொழுப்புச் சவ்வில் கொசுவின் ஏற்பியைப் பதித்து, நுண்ணிய பிளவுகள் வழியே வாயுவை ஊதினார்கள். மூச்சுக்காற்றில் கலந்த ஆக்டினால் என்ற வாசனைப் பொருள் பிடிபட்டது. செல்காரியான எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

வேலு: மோப்ப நாய்க்கு ஓய்வு குடுத்துடலாமா?

வேண்டாம். நாய் காற்றின் திசை பார்த்துத் தேடிப் போகும். என் செல் போட்ட இடத்தில் கிடக்கும்.

சுமதி: உங்க பெரிய சொதப்பல் எது அக்கா?

ஒருநாள் இருட்டறையில் சொட்டு விட்டேன். சாம்பலாகக் கிடந்த செல்கள் மளமளவென்று பச்சையாக மாறின. குதித்தேன். வாசனையே கலக்காத வெறும் கரைசலை விட்டுப் பார்த்தேன், அதற்கும் அதே பச்சை. சொட்டு விழுந்த வேகத்தில் செல்கள் அதிர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். மூன்று வாரத் தரவு குப்பைக்குப் போனது. இப்போது வெறும் கரைசலைத்தான் முதலில் விடுகிறேன்.

அருண்: வீட்டில் வைக்கிற மாதிரி எப்போ வரும்?

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை செல்லுக்குப் புது ஊட்டக்கரைசல் மாற்ற வேண்டும், பூஞ்சை விழாமல் காக்க வேண்டும். ஊருக்குப் போனால் யாரிடம் விட்டுவிட்டுப் போவீர்கள்?