முதன்மை எண் 3 என்றால் துணை எண் ஏன் 3 ஆக முடியாது?

கேள்வி: "முதன்மைக் குவாண்டம் எண் 3 என்றால் துணைக் குவாண்டம் எண் 0, 1, 2 மட்டும்தான் வரும் என்று படிக்கிறோம். 3 ஏன் வராது? இதை யார் முடிவு செய்தது?"

யாரும் முடிவு செய்யவில்லை. அணுவுக்குள் ஓர் எலக்ட்ரானின் நிலையைச் சொல்லும் நான்கு குவாண்டம் எண்களில் முதல் இரண்டு இவை. பதினோராம் வகுப்பில் நானும் இதை அட்டவணையாகத்தான் மனப்பாடம் செய்தேன். பல வருடம் கழித்துப் புரிய வைத்தது ஒரு காகிதத் துண்டு. நீங்களும் செய்து பாருங்கள்.

விரல் அகலத்தில் நீளமாக ஒரு துண்டு வெட்டி, முகட்டில் தொடங்கி, நீளம் முழுக்கச் சரியாக இரண்டு அலை வரையுங்கள். முனைகளைச் சேர்த்து வளையமாக ஒட்டினால் கோடு எங்கும் அறுபடாமல் ஓடும். இன்னொரு துண்டில் இரண்டரை அலை வரைந்து ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தில் முகடும் பள்ளமும் எதிரெதிரே வந்து நிற்கும், கோடு சேராது.

அணுவுக்குள் எலக்ட்ரானும் அலையாகத்தான் இருக்கிறது. கருவை ஒரு சுற்று வந்ததும் அந்த அலை தன்னோடு தானே பொருந்தியாக வேண்டும். அதனால் சுற்றுக்கு 0, 1, 2 என முழு எண்ணிக்கையில்தான் அலைகள் அமையும். அந்த எண்ணிக்கைதான் காந்தக் குவாண்டம் எண். கழித்தல் குறி இருந்தால் அலை எதிர்த்திசையில் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

சரி, துணை எண்ணுக்கு வருவோம். அலையின் மதிப்பு சுழியாகும் இடம் கணு. ஆர்பிட்டால், அதாவது அணுவுக்குள் எலக்ட்ரான் அலை எடுக்கும் வடிவம், முப்பரிமாண அலை என்பதால் கணு ஒரு பரப்பாக இருக்கும். கருவின் வழியே போகும் தளமோ கூம்போ என்றால் கோணக் கணு. கருவைப் பந்துபோலச் சூழ்ந்திருந்தால் ஆரக் கணு. கோணக் கணுக்கள் எத்தனையோ அதுவே துணை எண். எஸ் ஆர்பிட்டாலில் ஒன்றும் இல்லை. பி-யில் ஒன்று: டம்பெல் வடிவ ஆர்பிட்டாலின் இரு மடல்களையும் பிரிக்கிற அந்தத் தளம். டி-யில் இரண்டு.

இரண்டு வகைக் கணுக்களையும் கூட்டி, அதோடு 1 சேர்த்தால் முதன்மை எண் வந்துவிடும். ஆக, முதன்மை எண் 3 என்றால் மொத்தம் இரண்டே கணுக்கள். 3எஸ்-இல் இரண்டுமே ஆரக் கணுக்கள், 3பி-யில் வகைக்கு ஒன்று, 3டி-யில் இரண்டுமே கோணக் கணுக்கள். துணை எண் 3 ஆக வேண்டுமானால் ஆரக் கணுக்களின் எண்ணிக்கை கழித்தல் 1 ஆக வேண்டும். அப்படி ஒன்று இருக்கவே முடியாது. துணை எண் 3 உள்ள ஆர்பிட்டாலின் பெயர் எஃப்; 3எஃப் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

"கணுக்களை ஏன் கூட்ட வேண்டும்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். 1926-இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் தன் அலைச் சமன்பாட்டை ஹைட்ரஜனுக்குத் தீர்த்தபோது வந்த விடையில், ஆற்றல் அந்தக் கூட்டுத்தொகையை மட்டுமே பொறுத்திருந்தது: மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) முதன்மை எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். 2எஸ்-இன் கணு கருவிலிருந்து சுமார் 0.106 நானோமீட்டரில் ஒரு கோளம். 2பி-யின் கணு ஒரு தளம். உருவத்தில் சம்பந்தமே இல்லாத இரண்டுக்கும் ஆற்றல் அதே மைனஸ் 3.4. எனக்கு இன்றைக்கும் இது பெரிய ஆச்சரியம்தான்.

எலக்ட்ரான்கள் ஒன்றுக்கு மேல் போனால் இந்தச் சமம் உடைந்துவிடும். எஸ் எலக்ட்ரான் மற்ற எலக்ட்ரான்களின் திரையைத் தாண்டிக் கருவை நெருங்குவதால் அதன் ஆற்றல் பி-யைவிடக் கீழே இறங்கும்.

நான்காவதான தற்சுழற்சி எண் மட்டும் இந்த அலைக் கணக்கில் பிறப்பதில்லை. 1922-இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தில் செலுத்தினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. 1925-இல் உலன்பெக்கும் கூட்ஸ்மிட்டும் எலக்ட்ரானுக்கே ஒரு தற்சுழற்சி உண்டு என்றார்கள். பெயர் அப்படி இருந்தாலும் அது பம்பரம் போலச் சுற்றுவதில்லை. அதே ஆண்டு பௌலி சொன்ன தவிர்க்கைத் தத்துவப்படி, நான்கு எண்களும் ஒன்றாக உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஓர் அணுவில் இருக்க முடியாது.

இனி முதன்மை எண் 3 உள்ள மூன்றாம் கூட்டை எண்ணிப் பாருங்கள்: எஸ்-இல் 1, பி-யில் 3, டி-யில் 5 ஆக ஒன்பது ஆர்பிட்டால், ஒவ்வொன்றிலும் இருவர், மொத்தம் 18 இடங்கள். ஆனால் தனிம வரிசை அட்டவணையின் மூன்றாம் வரிசையில் 8 தனிமங்களே உள்ளன. மேலே சொன்ன அதே நெருங்கல்தான் காரணம். பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ் முந்திக்கொள்கிறது. 3டி-யின் பத்து இடங்களும் அப்புறம் நான்காம் வரிசையில், ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரைக்குள் நிரம்புகின்றன.