சிமுலேஷனில் திரளும் சிலிக்கா, லேபில் திரளாதது ஏன்?

கேள்வி: பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) பாலிமரில் சிலிக்கா நானோதுகள்களைக் கலந்து பிஎச்டி செய்கிறேன். டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் துகள்கள் நன்றாகப் பரவியிருக்கின்றன. லாம்ப்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டிய கோர்ஸ்-கிரெயின்டு (பல அணுக்களை ஒரே மணியாகக் கொள்ளும்) சிமுலேஷனில் எல்லாம் ஒரே கொத்தாகத் திரண்டுவிடுகின்றன. பணம் கொடுத்தால் சரிசெய்து தருவதாக ஒரு புராஜெக்ட் சென்டர் சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர்கள் செய்யப்போவது இவ்வளவுதான்: உங்கள் இன்புட் ஃபைலைத் திறந்து, பாலிமருக்கும் துகளுக்கும் இடையிலான எப்சிலானை (ஈர்ப்பின் வலிமையை) 1-லிருந்து 2-க்கோ 3-க்கோ ஏற்றுவார்கள். கொத்து கலையும். ஒரு வீடியோவும் நாலு கிராஃபும் கைக்கு வரும். வைவாவில் "ஏன் 2?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? லாம்ப்ஸ் இலவச மென்பொருள், இன்புட் ஃபைல் வெறும் டெக்ஸ்ட். காசு கொடுத்து வாங்க அதில் ரகசியம் எதுவும் இல்லை. வேறொருவரின் சிமுலேஷனை நிறம் மாற்றி விற்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, ஏன் திரள்கிறது? பிஎம்எம்ஏவின் கார்பனைல், சிலிக்கா மேற்பரப்பில் உள்ள ஓஎச் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். பல அணுக்களைச் சேர்த்து ஒரே மணியாக்கும்போது அந்தப் பிணைப்பு தொலைந்துபோகிறது. அதை நீங்கள்தான் ஈர்ப்பாகத் திரும்ப வைக்க வேண்டும். ஈர்ப்பு குறைந்தால், இரண்டு துகள்களுக்கு நடுவில் இருக்கும் பாலிமர் சங்கிலிகள் விலகிவிடும். சுற்றியுள்ளவை இரண்டையும் நெருக்கித் தள்ளும். அளவாக இருந்தால் துகளைச் சுற்றிப் பாலிமர் ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிரித்து வைக்கும். அளவு மீறினால் ஒரே சங்கிலி இரண்டு துகள்களைப் பிடித்துக்கொள்ள, மறுபடியும் கொத்து. ஆகவே ஏற்றிக்கொண்டே போவது தீர்வாகாது. சிலிக்கா மேற்பரப்பில் கொஞ்சம் பிஎம்எம்ஏவை வைத்து அணு அளவில் ஒரு சின்ன சிமுலேஷன் ஓட்டி, மேற்பரப்பருகே அடர்த்தி எப்படி மாறுகிறது என்பதோடு பொருத்தி எப்சிலானை எடுங்கள்.

அதற்கு முன்னால் இன்புட் ஃபைலில், எந்த வகை மணிகளுக்கு இடையில் என்ன விசை என்று சொல்லும் பேர்-கோயெஃப் வரிகளைப் பாருங்கள். 1990-இல் வந்த கிரெமர்–கிரெஸ்ட் என்ற பாலிமர் மாடலில் மணிகளுக்குள் விலக்கு விசை மட்டும்தான். கட்-ஆஃப், அதாவது விசை நின்றுபோகும் தூரம், சுமார் 1.12 சிக்மா (சிக்மா என்பது மணியின் அளவு). பாலிமருக்கு அதை எடுத்துக்கொண்டு, துகள்–துகள் வரியில் ஈர்ப்பையும் சேர்க்கும் 2.5 சிக்மாவைப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஈர்ப்பு துகள்களுக்குள் மட்டும் இருந்தால் திரளாமல் என்ன செய்யும்? அதேபோல், பெரிய துகளுக்கு சாதாரண லெனார்ட்-ஜோன்ஸ் விசைச் சூத்திரத்தில் பெரிய சிக்மா கொடுக்காதீர்கள். ஈர்ப்பின் அகலமும் கூடவே பெருத்துவிடும். மேற்பரப்பை மட்டும் நகர்த்தும் எக்ஸ்பாண்ட் வகை லாம்ப்ஸிலேயே இருக்கிறது.

அப்புறம், லேப் படத்தையும் சந்தேகியுங்கள். பிஎம்எம்ஏவின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை சுமார் 105 டிகிரி செல்சியஸ்; அதற்குக் கீழே சங்கிலிகள் நகராமல் உறைந்துவிடும். கரைப்பானில் வார்த்துக் காயவைத்த ஃபிலிமில் துகள்கள் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கலாம். ஒரு துண்டை வெற்றிடத்தில் 150 டிகிரியில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுபடி படம் எடுங்கள். அப்போது திரண்டால், உங்கள் சிமுலேஷன் சொன்னது சரிதான். டிஇஎம் ஸ்லாட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிறார்கள், தெரியும். பிஎச்டிக்குப் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022-இல் எடுத்த பிறகும் பேப்பர் எங்கே என்று நெருக்கும் துறைகளுக்கு இந்தக் காத்திருப்பு மட்டும் கண்ணில் படுவதில்லை. மாணவர்களைப் புராஜெக்ட் சென்டர் வாசலுக்கு அனுப்புவதே இந்த அவசரம்தான்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் சிலிக்காவில் பாலிமர் இழைகளை முளைக்க வைத்திருந்தால் மேலே சொன்ன கணக்கு மாறும். ஒட்டிய இழையும் சுற்றியுள்ள பாலிமரும் ஒரே ரசாயனமாக இருந்தாலும், இழைகள் நெருக்கமாக இருந்து, சுற்றியுள்ள சங்கிலி அவற்றைவிட மிக நீளமாக இருந்தால் அது உள்ளே நுழையாது; துகள்கள் திரளும். இழைகள் அடர்த்தி குறைவாக இருந்தால் சரங்களாக, தகடுகளாகக்கூட அடுக்கிக்கொள்ளும். சிலிக்காவை வாங்கிய இடத்தில் மேற்பரப்பில் என்ன பூசியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். "ட்ரீட் பண்ணினது சார்" என்பது பதில் அல்ல. எந்த மூலக்கூறு, சதுர நானோமீட்டருக்கு எத்தனை, எவ்வளவு நீளம்: மூன்றும் வேண்டும்.

கடைசியாக, சங்கிலி நீளத்தை இரட்டிப்பாக்கினால், சிக்கிக்கொண்ட சங்கிலிகள் தளர ஏறக்குறைய 10 மடங்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு துகளும் தன் விட்டத்தைவிட அதிக தூரம் நகரும்வரை "திரண்டது" என்றோ "பரவியது" என்றோ எழுதாதீர்கள்.