மீன் கிடைக்கும் இடத்தைப் பிறருக்குச் சொல்லலாமா, மறைத்து வைக்கலாமா?

தூண்டில் போடுகிறவர்கள் தங்களுக்கு நன்றாக மீன் கிடைக்கும் இடத்தை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமா, தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு கரையிலும் படகிலும் பல ஆண்டுகளாகத் தூண்டில் போட்டுவருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். திறந்த கடலில் மறைப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சிறிய நீர்நிலை என்றால் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது. அந்த இடம் எத்தனை தூண்டில்களைத் தாங்கும் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டுமே ஒழிய, அதை முதலில் கண்டவர் யார் என்பதைப் பார்த்து அல்ல.

முதலில் கடலை எடுத்துக்கொள்வோம். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் தூண்களையும் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் தூண்களையும் யாரும் இரகசியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நாள்தோறும் அத்தனை வாகனங்கள் அவற்றின் மேல்தான் போய்வருகின்றன. தூண்களில் சிப்பிகள் ஒட்டி வளர்வதும், அவற்றை ஒட்டிச் சிறு மீன்கள் கூடுவதும், அந்தச் சிறு மீன்களைத் தேடிப் பெரியவை வருவதும் இங்குள்ள தூண்டில்காரர் எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்திருந்தும் பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்றால், அவர்களிடம் இல்லாதது இடமல்ல, நேரம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீரிணையில் ஓட்டம் வலுத்து, ஈயக்குண்டு தரையில் நிற்காமல் இழுபடும். அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் அந்த ஓட்டம் தளர்ந்துவிடும். நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும் கடலில், ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் அந்தச் சிறிது நேரத்தில் எந்த ஆழத்தில் என்ன இரையைப் போடுவது என்பதைக் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். இதையெல்லாம் கேட்பவர் எவராக இருந்தாலும் நான் சொல்லிவிடுகிறேன். கெம்போங் போன்று கூட்டமாக அலையும் மீன்களைப் பொறுத்தவரை இடத்தைச் சொன்னாலும் நட்டமில்லை. கேட்டவர் புறப்பட்டு வந்து சேர்வதற்குள் கூட்டம் வேறெங்கோ போயிருக்கும்.

கடலிலேயே பாறைகளின் கணக்கு வேறு. களவா மீன், நாம் இங்கே கெராப்பு என்று சொல்வது, பொந்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் மீன். ஒரு சிறு பாறைத்திட்டில் இருக்கும் பெரியவற்றை ஒரே பருவத்தில் பிடித்துத் தீர்த்துவிட முடியும்; அதே அளவுக்கு வேறு மீன்கள் வளர்ந்து வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது பெண்ணாகத் தொடங்கிப் பிறகு ஆணாக மாறும் இனம் என்பதால், பெரியவற்றையே தேடிப் பிடித்தால் ஆண் மீன்கள்தான் முதலில் குறையும். கழிமுகத்தில் கிடைக்கும் சியாக்காப், அதாவது கொடுவா, இதற்கு நேர்மாறானது: ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும். படமெடுத்துப் போட நாம் ஆசைப்படும் அந்தப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய்தான்.

இனி, வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்ன நீர்நிலைகளுக்கு வருகிறேன். செபராங் பிறைப் பக்கத்தில் பழைய மணல் குட்டைகளும் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய கால்வாய்களும் இன்னும் இருக்கின்றன. விரால் கிடைப்பது இங்கேதான். விராலும் அதன் பெரிய உறவான தோமானும் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன்கள். குஞ்சுகள் மூச்சுக்காகக் கூட்டமாக மேலே வரும்போது நீர்ப்பரப்பு கொதிப்பதுபோல் சிலிர்க்கும். அந்த இடத்தில் செயற்கை இரையை எறிந்தால், பசியில்லாவிட்டாலும் குஞ்சுகளைக் காக்கும் ஆத்திரத்தில் தாயோ தந்தையோ பாய்ந்து கவ்வும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் காவலற்ற குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். இப்படிப் பிடிப்பது சரியா என்று இங்குள்ள தூண்டில்காரர்களிடையே ஓயாத விவாதம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நான் போய்வந்த ஒரு குட்டையைப் பற்றி ஒருவர் காணொளி எடுத்து, வழியையும் சொல்லி வெளியிட்டார். அடுத்த மழைக்காலத்துக்குள் குஞ்சுக் கூட்டம் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. வந்தவர்கள் கரையில் விட்டுச்சென்ற தூண்டில் நரம்புச் சிக்கலையும் நெகிழிப் பைகளையும் கண்ட நிலத்துக்காரர் வழியில் சங்கிலி போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறைப்பது தன்னலம், நீர் எல்லோருக்கும் பொது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சபா மாநிலத்தில் ‘தாகால்’ முறையில் கிராமத்தார் தங்கள் ஆற்றின் பகுதிகளை மூடிவைத்துக் காத்து, தாங்கள் முடிவுசெய்த நாளில் மட்டும் மீன் பிடிக்கிறார்கள். ஆறு எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், மீனும் இருக்கிறது. கோலாலம்பூர்க்காரர்கள் அருவி பார்க்கப் போகும் கோல குபு பாருவை அடுத்த சீலிங் ஆறும் மீன் காப்பிடம்தான். அங்கே கெலா மீன் ஆட்களின் காலடியிலேயே நீந்தும். கட்டுப்பாடும் அதைக் கவனிக்கும் ஆட்களும் உள்ள இடத்தில் இரகசியம் தேவைப்படாது. நம் மணல் குட்டைக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. நஞ்சையும் மின்சாரத்தையும் பயன்படுத்தி மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது; ஆனாலும் ஒதுக்குப்புறமான குட்டைக்கு மின்கலத்தைத் தூக்கிக்கொண்டு இரவில் போகிறவனை யார் பார்க்கப் போகிறார்கள்? அவனும் நம் பதிவுகளைப் படிக்கிறான் என்பதைத்தான் தாராள மனத்தோடு வழி சொல்கிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தக் கேள்வி எழும்போது பலரும் விட்டுவிடுகிற இன்னொரு விஷயம், அந்த இடம் உங்களுடையதுதானா என்பது. தெலுக் பஹாங்கிலோ கெர்தாக் சங்குலிலோ படகெடுத்துப் போகிறோம். படகை ஓட்டும் தெக்கோங் நம்மை ஒரு பாறைக்கோ, மூழ்கிக் கிடக்கும் கட்டைக்கோ கொண்டுபோய் நிறுத்துகிறார். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவர் எண்ணெய் செலவழித்து அலைந்திருக்கிறார். அவருக்கு அதுதான் பிழைப்பு. நாம் பின்னால் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் அந்த இடத்தின் எண்களைக் குறித்துவைத்து, அடுத்த வாரம் நண்பரின் படகில் அங்கேயே போய் நிற்பதும், அதைக் குழுவில் பகிர்வதும் திருட்டுக்குச் சமம் என்பேன். பகிர்கிறவர் பெருந்தன்மைக்காரராகப் பெயரெடுக்கிறார், நட்டம் தெக்கோங்குக்கு. ‘அண்ணே, இந்த இடத்தை யாரிடமாவது சொல்லலாமா?’ என்று அவரையே கேட்டுவிடுவதில் எந்தச் சிரமமும் இல்லை. சில இடங்களைத் தாராளமாகச் சொல்லச் சொல்வார். சிலவற்றுக்குச் சிரித்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டுவார்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இடத்தின் பெயரைச் சொல்லாமல் படம் மட்டும் போட்டேன் என்பது போதுமான காவல் அல்ல. பின்னணியில் தெரியும் ஜெரெஜாக் தீவின் மேட்டையோ பாலத்தின் கோணத்தையோ வைத்தே, பழகியவர்கள் நீங்கள் நின்ற கல்லைச் சொல்லிவிடுவார்கள். படக்கோப்பிலேயே இருப்பிடம் பதிவாகியிருப்பதும் உண்டு, நீக்கிவிட்டுப் போடுங்கள். மீனை மட்டும் காட்டினாலே பார்க்கிறவர்கள் மகிழ்வார்கள்.

நீங்கள் பினாங்குக்குப் புதியவராக இருந்து என்னிடம் நேரில் கேட்டால், குட்டையைப் பற்றி மூச்சு விடமாட்டேன். எந்தத் திதியில் கடல் ஓட்டம் தளரும், உயிருள்ள இறாலை எப்படிக் கோப்பது என்பதைச் சொல்வேன். உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் படகில் ஏறாதீர்கள் என்பேன். வழுக்கும் பாறை எது என்றால் அதை மட்டும் மறைக்காமல் காட்டுவேன். பிறகு இரண்டொரு முறை என்னோடு கரைக்கு வாருங்கள். சிறிய மீனை நீருக்குள் திரும்ப விடுகிறீர்களா, அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதன் பிறகு ஒருநாள் குட்டைக்கு என் வண்டியிலேயே கூட்டிப்போவேன்.