ஏரிக்கு மாதம் பார்த்துப் போங்கள்

கேள்வி: நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். கணவர், இரண்டு பிள்ளைகள், 68 வயது அத்தை, நான். போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போனோம். மலையேறவே வண்டிகள் வரிசை. மேலே போனாலும் வெயில். படகுக்கு ரொம்ப நேரம் நின்றோம், ஏரியில் தண்ணீர் எங்கோ கீழே கிடந்தது. சின்னவள் ‘இதுதான் ஏரியாம்மா?’ என்று கேட்டுவிட்டாள். அத்தையோ, ‘மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, நம்ம ஜில்லாவுல பாக்க என்ன இருக்கு’ என்கிறார். அவர் காவேரிப்பாக்கம் பக்கம் பிறந்தவர். பொங்கலுக்கு ஊட்டி போகலாம் என்கிறார் கணவர். ஐந்து பேருக்கு ஆகும் செலவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி, எனக்கு மலை வளைவுகளில் வாந்தி. பக்கத்திலேயே மலையும் ஏரியுமாக இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வர இடம் உண்டா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

இருக்கிறது. ஊட்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அதன் அழகு வேறு. ஆனால் உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில், நீங்கள் மனம் கசந்து திரும்பிய அதே மலையிலேயே இருக்கிறது. இடத்தில் தப்பில்லை. மே மாதம் போனதுதான் தப்பு.

ஏலகிரியை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று சொல்லிச் சொல்லியே கோடையில் அங்கே குளிர் இருக்கும் என்று எல்லோரும் நம்பிவிட்டோம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி வெப்பம் குறையும். மலையடிவாரத்து ஜோலார்பேட்டையே கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து மேலே போனால் நமக்குக் கிடைப்பது நாலு டிகிரி, மிஞ்சினால் ஐந்து. கீழே 41, 42 என்று கொளுத்துகிற நாளில் மேலே 37. அதைக் குளிர் என்று சொல்ல முடியாது.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். ஏலகிரியில் நீங்கள் பார்த்த புங்கனூர் ஏரி மனிதர் வெட்டியது. பெரிய ஆறு எதுவும் வந்து அதில் விழவில்லை. சுற்றியுள்ள சரிவுகளில் பெய்த மழை வழிந்து வந்து தங்குவதுதான் அதன் தண்ணீர். டிசம்பரோடு மழை நின்றுவிட்டால் மே வரை ஐந்து மாத வெயிலை அது தாங்க வேண்டும். கரையை விட்டுக் கீழே இறங்காமல் என்ன செய்யும்?

அதனால் நம் பக்கத்து மலை ஏரிகளுக்கு முதலில் மாதத்தைப் பாருங்கள், இடத்தை அப்புறம் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை பிடித்துப் பெய்து முடிந்த பிறகு, டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை பொன்னான காலம். ஆகஸ்ட், செப்டம்பரும் மோசமில்லை. சாயங்காலம் இடி மின்னலோடு மழை கொட்டும், மறுநாள் காலை மலை கழுவிவிட்ட மாதிரி இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் யோசிக்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலைப்பாதையில் மண் சரியும், மரம் சாயும்.

நீங்கள் பொங்கல் என்று எழுதியிருப்பதால் காலம் சரியாகவே அமைகிறது. காணும் பொங்கலன்று மட்டும் எந்த ஏரிப் பக்கமும் போக வேண்டாம். அன்று ஊரே அங்கேதான் இருக்கும். அதற்கு அடுத்த சனி, ஞாயிறு போங்கள்.

இப்போது இடம். எனக்கு ஏலகிரியைவிட ஜவ்வாது மலை பிடிக்கும். கண்ணமங்கலம் பக்கம் வளர்ந்தவள் நான், அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் பல் துலக்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் ஒருதலையாகத்தான் பேசுவேன். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்திலிருந்து மாதனூர் வழியாக நெடுஞ்சாலைக்கு வந்து, ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஆலங்காயம் போங்கள். அங்கேயே வண்டிக்கு டீசல் போட்டுவிடுங்கள். அதற்குமேல் மலைப்பாதை. வழியில் காவலூர். வானியலாளர் வைணு பாப்பு பெயரிலான வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. 1986-இல் அவர் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே உண்டு. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம், கிளம்புமுன் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நான் சனிக்கிழமை புறப்படச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு இரவு வானத்தை அண்ணாந்து பார்க்கட்டும். நம் ஊர் விளக்கு வெளிச்சத்தில் தெரியாத நட்சத்திரமெல்லாம் அங்கே தெரியும்.

இருட்டுமுன் ஜவ்வாது மலை மேலிருக்கும் ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தங்கும் இடங்கள் குறைவு, முன்கூட்டியே பேசி வைப்பது கட்டாயம். அந்த மலையில் இருப்பவை மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். சாமை, தேன், புளி, பலாவுக்குப் பேர்போன மலை. சாமைச் சோறு கிடைத்தால் விடாதீர்கள். தேனும் புளியும் அங்கே விற்பவர்களிடமே வாங்குங்கள், நாம் கொடுக்கிற காசு அந்த மலையிலேயே தங்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலைதான் நீங்கள் போனதன் முழுப்பலன். ஆறு மணிக்கு எல்லோரையும் எழுப்புங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே கோமுட்டேரி இருக்கிறது, பகலில் படகும் விடுவார்கள். படகுக்கு முந்திய அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் உங்களை இவ்வளவு தூரம் அனுப்புகிறேன். தண்ணீர் மேல் ஆவி மாதிரி பனி நிற்கும். முதலில் எதிர்க்கரை தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக மரங்களின் தலை தெரியும், அப்புறம் மலை. முக்குளிப்பான் ஒன்று மூழ்கினால், எங்கே எழும்பும் என்று பிள்ளைகளைப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும். பத்து, பதினோரு மணிக்கு மேல் வண்டிகள் வரத் தொடங்கும், அப்போது நீங்கள் கிளம்பிவிடலாம். பீமன் அருவியைப் பார்க்க ஆசை இருந்தால் கணவரும் பிள்ளைகளும் போய்வரட்டும். அத்தையின் முழங்காலுக்கு அந்த இறக்கமும் ஏற்றமும் ஆகாது.

ஒரே நாளில் நாலு இடம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். பல வருடம் முன்பு நான் என் அம்மாவை அப்படித்தான் அழைத்துப் போனேன். காலையில் அமிர்தி, மதியம் ஏலகிரி ஏரி, சாயங்காலம் ஜலகாம்பாறை அருவி. ராத்திரி வீட்டு வாசலில் இறங்கும்போது, ‘எல்லாத்தையும் காட்டின, எதையும் பாக்க விடலையேடி’ என்றார். அம்மா இப்போது இல்லை. அவரை ஓர் ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது சும்மா உட்கார வைத்திருக்கலாம் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வாந்திக்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான். ஏறுமுன் வெறும் வயிறும் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம். ஆம்பூரைத் தாண்டும்போது மனசு கேட்காதுதான், அதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஏறுமுன் இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார்ந்து சாலையையே பாருங்கள். போனைப் பார்க்கவே கூடாது. கையில் ஒரு எலுமிச்சம்பழம். இதற்கெல்லாம் அடங்காத உடம்பு என்றால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்போடு சொல்கிறேன். எந்த ஏரியிலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். மேலே முழங்கால் அளவுத் தண்ணீர் மாதிரி தெரியும். அடியில் மண் எடுத்த பள்ளம் ஆள் உயரத்துக்கு இருக்கும், சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு விடுமுறையிலும் நம் பக்கத்தில் இப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். கரையோடு நிற்கட்டும், படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டு நாள் ஒதுக்க முடியாமல் போனால் உங்கள் ஊர் மோர்தானா அணை இருக்கவே இருக்கிறது. மலைகளுக்கு நடுவே நிரம்பி நிற்கும்போது அதுவும் ஏரிதான். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். அந்தப் பக்கம் ஆந்திரக் காடு, யானை நடமாட்டம் உண்டு, பொழுது சாயும் வரை அங்கே இருக்க வேண்டாம்.

கடைசியாக அத்தை. அவர் சொன்ன பழமொழியை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதே வரிசையில் ‘சாமியில்லாத கோயில்’ என்றும் வரும். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் மறுபடி வேலூர்க் கோட்டைக்குள் வந்துவிட்டார், அந்த வரி போயிற்று. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதையும், கௌண்டன்ய ஆறு உங்கள் ஊருக்குள்ளேயே புகுந்ததையும் அத்தையே பார்த்திருப்பார். மரமில்லாத மலை என்பதற்கு ஜவ்வாது மலையே பதில்.

ஆனால் அவரோடு வாதம் செய்ய வேண்டாம். காவேரிப்பாக்கத்துக்காரரிடம் நாம் ஏரியைப் பற்றி என்ன சொல்ல முடியும்? பல்லவர் காலத்து ஏரி அது, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. வாலாஜா அருகே அணைக்கட்டில் பாலாற்றைத் திருப்பி அதை நிரப்புகிறார்கள். கோமுட்டேரிக் கரையில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, பேத்தியைப் பக்கத்தில் விடுங்கள். உங்கள் ஊர் ஏரி நிரம்பி வழிந்து கோடி போன வருஷம் என்ன ஆச்சு, கிடா வெட்டினார்களா, மதகை யார் திறந்தார்கள் என்று அவள் கேட்கட்டும். சின்னவள் மே மாதம் உங்களிடம் கேட்டதற்குப் பாட்டி பதில் சொல்வார்.

அத்தைக்கு ஸ்வெட்டரும் மப்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதக் காலையில் அந்தக் கரையில் நன்றாகவே குளிரும்.