சொன்ன வாக்கு நடக்காவிட்டால் அது பொய்யா?

கேள்வி: “காலிமுகத்திடலில் பட்டம் விடலாம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். மழை கொட்டியது. ஐந்து வயதுக்காரி, ‘அப்பா பொய் சொல்லிவிட்டார்’ என்று அழுகிறாள். வாக்கு என்றால் என்னவென்று குழந்தைக்கு எப்போது புரியும்?”

அந்த வயதில் அவள் சொல்வது முற்றிலும் இயல்பு. சின்னக் குழந்தைக்கு வாக்கும் ‘நாளைக்கு இது நடக்கும்’ என்ற செய்தியும் ஒன்றுதான். நடந்தால் வாக்கு, நடக்காவிட்டால் பொய். கனடாவில் ஜேனட் ஆஸ்டிங்டன் 1980களில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. சொன்னவர் தம்மைத்தாமே கட்டிப்போடுகிறார், மழை வந்தாலும் கொடுத்த வாக்கு வாக்குத்தான் என்பது தெளிய எட்டு, ஒன்பது வயதாகலாம்.

ஆனால் யாரை நம்பலாம் என்பதை அவர்கள் அதற்கு வெகு முன்பே கற்றுவிடுகிறார்கள். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுவரையான 28 பிள்ளைகளிடம், நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து வருத்தம் தெரிவித்தார்கள். பிறகு ஓர் இனிப்பை முன்னால் வைத்து, அதைத் தின்னாமல் பொறுத்திருந்தால் இரண்டாவது இனிப்பும் கிடைக்கும் என்றார்கள். முதல் கூட்டம் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தது, ஏமாந்த கூட்டம் 3 நிமிடம்! 2013இல் வெளியான இந்த முடிவை நான் மறப்பதே இல்லை.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில், என் மகன் நான்கு வயதில் சத்தியம் கேட்டு உள்ளங்கையை நீட்டுவான். இறால் வடை வாங்கிவர மறந்த மறுநாள், கையை நீட்டாமல் என் பையைத் திறந்து பார்த்தான். மகளிடம் மழையைக் காட்டுங்கள், வேறொரு நாளைக் குறித்து நாட்காட்டியில் அவளையே வட்டமிடச் சொல்லுங்கள், அன்று கட்டாயம் போங்கள்.